டிரங்குப் பெட்டியில் வந்ததா கோதுமை?

கான்சஸ் மாநிலத்தில் கோதுமையைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1874-ஆம் ஆண்டு. கருங்கடலுக்கு வடக்கே, ரஷ்யப் பேரரசின் தெற்கு விளிம்பில் குடியிருந்த மெனோனைட் விவசாயிகள் ஊரைக் காலி செய்துகொண்டு அமெரிக்காவுக்குக் கிளம்புகிறார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அப்பா சொன்னபடி, கோதுமையைப் பரப்பி வைத்துக்கொண்டு செக்கச்செவேலென்ற முழு மணிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள். இரண்டரை லட்சம் மணிகளாம். அவற்றை டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கடல் கடந்து கொண்டுவந்து கான்சஸ் மண்ணில் தூவினார்கள். அந்த விதையிலிருந்துதான் அமெரிக்க நடுநிலத்தின் கோதுமை வெள்ளாமையே கிளைத்தது என்பது கதை. நியூட்டன் நகரப் பூங்காவில் 1942-இல் சுண்ணாம்புக் கல்லில் எழுப்பிய மெனோனைட் குடியேறியின் சிலையும் இந்தக் கதைக்காகத்தான் நிற்கிறது.

கோதுமையின் பெயர் டர்க்கி ரெட். கார்காலம் முடிந்து, பனி தொடங்குமுன் விதைத்து, உறைபனிக்கடியில் உறங்கவிட்டு, கோடையின் தொடக்கத்தில் அறுக்கும் குளிர்காலக் கோதுமை. மணி கடினம், நிறம் சிவப்பு. 1919-இல் அமெரிக்க வேளாண் துறை ரகவாரியாகக் கணக்கெடுத்தபோது இந்த ஒரு ரகம் மட்டும் 2 கோடி ஏக்கருக்கு மேல் நின்றது. அதாவது, பலன் உண்மை. மூலக்கதைக்கு மட்டும் தாள் வேண்டும். 1874, 1875 ஆண்டுகளில் எழுதப்பட்ட ஏதாவது ஒரு ஆவணத்தில் 'நாங்கள் இந்த விதையைக் கொண்டுவந்தோம், விதைத்தோம்' என்று இருக்கிறதா? நான் தேடப் போனது அதைத்தான்.

முதலில் கப்பல் பட்டியல்கள். ஹாம்பர்க், லிவர்பூல் வழியாக வந்த மெனோனைட் குடும்பங்களின் பெயர், வயது, தொழில், புறப்பட்ட ஊர் எல்லாமே நியூயார்க் துறைமுகப் பட்டியல்களில் கிடைக்கின்றன. வம்சாவளி தேடுகிறவர்கள் அவற்றை வரிக்கு வரி பெயர்த்தெழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை எழுதிவைக்கும் பழக்கம் கப்பல் எழுத்தருக்கு இல்லை. ஆனால் பட்டியலில் தேதி இருக்கிறது. தேதியே ஒரு துப்பு.

ஜேக்கப் வீபெ என்ற மூப்பரின் தலைமையில் கிரிமியாவிலிருந்து வந்த சிறு குழுதான் மரியன் கவுண்டியில் க்னாடனாவ் என்ற கிராமத்தை அமைத்தது. அந்தச் சிறுமி இந்தக் குழுவைச் சேர்ந்தவள் என்பார்கள். குழு கிரிமியாவை விட்டது 1874 மே மாத இறுதியில். நியூயார்க்கில் இறங்கியது ஜூலை நடுவில். கான்சஸ் சேர்ந்தது ஆகஸ்ட் நடுவில். கிரிமியாவில் குளிர்காலக் கோதுமை முற்றி அறுவடைக்கு வருவது ஜூன் இறுதி, ஜூலை. ஆக அவர்கள் புறப்பட்டபோது அந்த ஆண்டின் கோதுமை வயலில் பச்சையாகத்தான் நின்றிருக்கும். விதை எடுத்து வந்திருந்தால் அது 1873-இன் மகசூல்; ஒரு குளிர்காலம் முழுக்கக் குதிரில் கிடந்தது. கதையைக் கெடுக்கும் விவரம் இல்லை இது. சொல்லப்போனால் பொறுக்குவதற்கு அவளுக்கு நிறைய அவகாசம் இருந்திருக்கும்.

அடுத்து மணிக்கணக்கைச் சோதித்தேன். ஆயிரம் கோதுமை மணி சுமார் 30 கிராம். இரண்டரை லட்சம் மணி என்றால் ஏழரைக் கிலோ. அந்தக் காலத்து விதைப்பளவு ஏக்கருக்கு ஒரு புஷல், அதாவது 27 கிலோ சொச்சம். ஆக ஒரு பெட்டி விதை கால் ஏக்கரைத்தான் மூடும். கண்டுமுதல் ஏக்கருக்கு 15 புஷல் என்று வைத்துக்கொண்டால் முதல் அறுவடையில் நான்கு புஷல். அதை அப்படியே விதைத்தால் இரண்டாம் அறுவடையில் ஏறக்குறைய அறுபது. நான்காம் அறுவடையில் 12,000 புஷலைத் தாண்டிவிடும். ஒரு மணியைக்கூட மாவாக்கவில்லை, வெட்டுக்கிளி தின்னவில்லை, ஆலங்கட்டி விழவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு. அப்படியும் கதை நடக்கக்கூடியது என்றாவது ஆகிறது. நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

சாட்சியை அவர்கள் விட்டு வந்த ஊரில் தேடினேன். மெனோனைட்டுகள் 16-ஆம் நூற்றாண்டில் மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுக்காரரின் பெயரால் அறியப்பட்ட கிறித்தவப் பிரிவினர். வயதுவந்த பிறகே திருமுழுக்கு, ஆயுதம் தொடமாட்டார்கள். விஸ்துலா ஆற்றின் கழிமுகச் சதுப்பை வடித்து உழுதுகொண்டிருந்தவர்களை, காலியாகக் கிடந்த தென் ரஷ்யப் புல்வெளியில் குடியேற்ற ஜார் அரசு அழைத்தது. 1789-இல் ஹோர்டிட்ஸா, 1804-இல் மோலோச்னா ஆற்றங்கரை. குடும்பத்துக்கு 65 தெஸ்யாத்தின், நம் கணக்கில் 175 ஏக்கர் போல. படைச்சேவை கிடையாது என்று ஜார் பவுல் 1800-இல் சாசனமே எழுதிக் கொடுத்தார்.

அந்த மோலோச்னாவின் நிர்வாகக் காகிதங்களுக்கே தனியாக ஒரு துப்பறியும் கதை உண்டு. பீட்டர் பிரௌன் என்ற ஆசிரியர் உள்நாட்டுப் போர்க் காலத்தில் கிராம அலுவலகங்களிலிருந்து கட்டுக்கட்டாகத் தாள்களைத் திரட்டி வைத்தார். 1929-இல் சோவியத் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். எரிந்து போயிருக்கும் என்றுதான் அறுபது ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 1990-இல் ஒடெஸா அரசு ஆவணக் காப்பகத்தில் அது முழுசாகக் கிடப்பதை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஹார்வி டிக் கண்டார். ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். இப்போது நுண்படச் சுருள்களாக வட அமெரிக்க நூலகங்களில் இருக்கிறது. பழைய ஜெர்மன் கையெழுத்து. ஒரு பக்கத்தைப் பிடிபட வைப்பதற்குள் கண் பூத்துவிடும்.

இந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஆள் யோஹான் கார்னீஸ். 1848-இல் இறக்கும்வரை மோலோச்னாவின் வேளாண்மைச் சங்கத்தைத் தன் பிடியில் வைத்திருந்தவர். வீட்டுக்கு இத்தனை மரம் நடவேண்டும், நிலத்தில் ஒரு பங்கைத் தரிசாகப் போட்டு உழவேண்டும், களையை இப்படி எடுக்கவேண்டும் என்றெல்லாம் உத்தரவு போடுவார், மீறினால் தண்டம். சர்வாதிகாரிதான். ஆனால் மழை குறைந்த, மரமே இல்லாத புல்வெளியில் ஈரத்தைக் காப்பாற்றி உழுவது எப்படி என்பது இரண்டு தலைமுறைக்குள் அந்த ஊர்க்காரர்களின் கைப்பழக்கமானது அவரால்தான்.

எனக்கு வேண்டியிருந்தது பயிர் விவரம். அங்கேதான் டிரங்குப் பெட்டிக் கதைக்கு முதல் அடி விழுகிறது. மோலோச்னா 1830-களுக்குப் பிறகு செம்மறியை விட்டுக் கோதுமைக்கு மாறியது. பக்கத்தில் பெர்தியான்ஸ்க் துறைமுகம் திறந்ததுதான் காரணம். அந்தத் துறைமுகத்தில் விலை கிடைத்த சரக்கு அர்னாவுட்கா. அது வசந்தத்தில் விதைக்கும் கடினக் கோதுமை. கப்பலேறி இத்தாலிக்குப் போய் மக்ரோனி ஆகும் ரகம். மோலோச்னாக்காரர்கள் ஏற்றுமதிக்காக முக்கியமாகப் போட்டது வசந்தக் கோதுமைதான். குளிர்காலச் சிவப்புக் கோதுமை செழித்த இடம் தெற்கே கிரிமியா. அங்கே அதற்குக் க்ரிம்கா என்றே பெயர். கான்சஸுக்கு வந்தவர்களில் பெருந்திரள் மோலோச்னா ஆட்கள். கிரிமியாவிலிருந்து வந்தது வீபெயின் சிறு குழுவும் இன்னும் சிலரும். ஆக 'மெனோனைட்டுகள் கொண்டுவந்தார்கள்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது. கொண்டுவந்திருந்தால், கொண்டுவந்தவர்கள் மிகச் சிலர்.

ஏன் கிளம்பினார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1874-இல் ரஷ்யாவில் எல்லோருக்கும் கட்டாயப் படைச்சேவை வந்தது. ஜார் அனுப்பிய தளபதி டோட்லேபென் ஊர் ஊராகப் போய், படைக்குப் பதில் வனப்பணி செய்தால் போதும் என்று சமாதானம் பேசினார்; பெரும்பாலோர் தங்கிவிட்டார்கள். போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 18,000 பேர். மனச்சாட்சி மட்டும் காரணம் என்றால் எல்லோரும் அல்லவா போயிருக்கவேண்டும்? 65 தெஸ்யாத்தின் பண்ணையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்பது குடியேற்றச் சட்டம். விளைவாக 1860-களில் மோலோச்னாவில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலமில்லை. நிலமுள்ளவனுக்கு மட்டுமே ஊர்க்கூட்டத்தில் வாக்கு. ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்து ஒரே ஜெபம் சொன்னவர்களுக்குள் இந்தச் சண்டை பத்தாண்டுகள் நாறியது. புலம்பெயர்வைப் பற்றிய பக்திநூல்கள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுகின்றன.

இனி கான்சஸ். 1874 கோடையில் மெனோனைட்டுகள் வந்து சேர்ந்த அதே வாரங்களில்தான் ராக்கி மலை வெட்டுக்கிளி மேகம்போல் இறங்கி மக்காச்சோளத்தை அடித்தண்டு வரை தின்றுவிட்டுப் போனது. கடனில் முழுகியவர்கள் நிலத்தை விற்றுவிட்டுக் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்சிசன், டோபிகா, சான்ட ஃபே ரயில் கம்பெனிக்கு அரசு கொடுத்திருந்த நிலம் ஏராளம்; அதை விற்க ஆள் பிடிப்பதற்கென்றே சி. பி. ஷ்மிட் என்ற ஜெர்மானியரை முகவராக வைத்திருந்தது. ஆயுதம் தொடாதவர்களுக்கு மிலிஷியாவிலிருந்து விலக்கு என்று கான்சஸ் சட்டமன்றம் 1874 தொடக்கத்திலேயே சட்டம் போட்டுவிட்டது. ரயில் கம்பெனியின் கணக்கில் மதச்சுதந்திரம் ஒரு நில வியாபாரத் தள்ளுபடி. வந்தவர்கள் தங்கக் காசு கொண்டுவந்தார்கள், கம்பெனி நிலம் கொடுத்தது.

மோலோச்னாவின் அலெக்ஸாண்டர்வோல் ஊர்க்காரர்கள் ஏறக்குறைய மொத்தமாக வந்தார்கள். சிம்பிரியா, டியுடோனியா என்ற இரண்டு கப்பல்களில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நியூயார்க்கில் இறங்கினார்கள். டோபிகாவில் ஒரு பாலத் தொழிற்சாலையின் காலிக் கொட்டகையில் ரயில் கம்பெனி அவர்களைத் தங்கவைத்தது. நிலம் பார்த்து, பேரம் பேசி, மாடு வாங்கி, கம்பெனி போட்டுக்கொடுத்த நீளமான பலகைக் கூடங்களில் குடும்பங்களை இறக்கும்போது அக்டோபர். கன்னிப் புல்வெளியை முதல் உழவு உழுது உடனே விதைக்க அது நல்ல பருவம் இல்லை. 1874 இலையுதிர்காலத்திலேயே கான்சஸ் வயல்களில் டர்க்கி ரெட் அசைந்தாடியது என்கிற காட்சியை இந்த நாட்காட்டி ஏற்கவில்லை. ஆகஸ்டில் வந்த க்னாடனாவ்காரர்களுக்கு மட்டுமே அதற்கு நேரம் இருந்திருக்கும். அதுவும் கொல்லைத்துண்டு அளவுக்கு.

அடுத்த ஆண்டே கான்சஸ் மாநிலம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 1875 வேளாண் பட்டியல் நம்மூர் அடங்கல் மாதிரி. விவசாயி பெயர், உழுத நிலம், வேலியின் நீளம், மாடு, பன்றி என்று கட்டம் கட்டமாக ஓடுகிறது. பார்த்ததும் மனம் துள்ளியது. ஏனென்றால் குளிர்காலக் கோதுமைக்கு ஒரு பத்தி, வசந்தக் கோதுமைக்குத் தனிப் பத்தி. மரியன், மக்ஃபெர்சன், ஹார்வி கவுண்டிகளின் பக்கங்களில் பென்னர், ஷ்மிட், உன்ரு, வீபெ என்று பெயர்களைக் கண்டுபிடிக்கலாம். கணக்கெடுத்தவர் ஜெர்மன் பெயர்களைக் காதில் விழுந்தபடி கிறுக்கியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். ஆனால் ரகத்துக்குப் பத்தி கிடையாது. குளிர்காலக் கோதுமை என்றால் அது கிரிமியாவிலிருந்து வந்த சிவப்பா, மிசோரியிலிருந்து வாங்கிய மென் கோதுமையா என்று அந்தத் தாள் சொல்லாது. எண் இருக்கிறது, விதை இல்லை.

மென் கோதுமை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மெனோனைட்டுகள் வருமுன்பே கான்சஸில் குளிர்காலக் கோதுமை இருந்தது. அபிலீன் ஊரின் டி. சி. ஹென்றி என்பவர் 1870-களின் தொடக்கத்திலேயே ரயில் பாதையோரம் பெரும் பரப்பில் அதை விதைத்து, போகிற வருகிற ரயில் பயணிகள் வாய்பிளக்கும்படி செய்துகொண்டிருந்தார். வெட்டுக்கிளியும் அதற்கே துணைபோனது. 1874-இல் பூச்சி இறங்கும்போது குளிர்காலக் கோதுமை அறுத்துக் களம் சேர்ந்துவிட்டது. மக்காச்சோளமும் வசந்தப் பயிரும்தான் போயின. தப்பித்த பயிர் எது என்று பார்த்த விவசாயி அடுத்த ஆண்டு என்ன விதைப்பான்? இதற்கு எவருடைய பெட்டியும் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் முதலில் தோண்டியவர் கான்சஸ் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மாலின். அவருடைய நூல் 1944-இல் வந்தது. கவுண்டிப் பத்திரிகைகளை வாரவாரமாக வாசித்து, எந்த ரகம் எப்போது பேச்சில் அடிபட்டது என்று கணக்கிட்டவர். எழுத்து வறட்சி, பொறுமைக்குச் சோதனை. ஆனாலும் அவருக்குப் பிறகு இதைத் தொட்ட நார்மன் சால் முதல் டேவிட் மூன் வரை எவரும் அவரைத் தாண்டிக்கொண்டு போக முடியவில்லை. 1870-களின் செய்திகளில் டர்க்கி ரெட் என்ற பெயர் என் கண்ணிலும் படவில்லை.

அப்போது வெளியாட்களின் கண்ணில் பட்டவை வேறு. நோபல் பிரென்டிஸ் என்ற பத்திரிகையாளர் 1875-இல் டோபிகா பத்திரிகைக்காக இந்தக் கிராமங்களுக்குப் போனார். வெட்டிக் கொடுத்த தர்ப்பூசணியை ரசித்து எழுதுகிறார். வீட்டின் நடுச்சுவரோடு கட்டிய பெரிய அடுப்பு அவரை மயக்கிவிட்டது; விறகில்லா நாட்டில் வைக்கோலையும் காய்ந்த புல்லையும் முறுக்கித் திணித்தால் நாள் முழுக்க வீடு கதகதவென்று இருக்கும். தெருவின் ஓரமாக வரிசைவீடு, பின்னால் நீள நீளத் துண்டுகளாகப் பங்கிட்ட நிலம் என்று மோலோச்னாவையே பெயர்த்து வைத்திருந்தார்கள். 1882-இல் மறுபடி போனபோது அந்தத் தெருக்கள் கலைந்திருந்தன. வரி, பத்திரம், வாரிசு எல்லாம் தனி ஆள் பெயரில், சதுரம் சதுரமாக அளந்த நிலத்தின்மேல் நடக்கும் நாட்டில் ஊர்ப்பொது நிலத்தைத் துண்டுபோட்டு உழுவது வக்கீலுக்குத்தான் லாபம். வீட்டையே பெயர்த்து உருட்டிக்கொண்டு அவரவர் நிலத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு தலைமுறையாகக் கட்டிக்காத்த கிராம அமைப்பு பத்தாண்டு தாங்கவில்லை.

அருங்காட்சியகங்களில் ஒரு கல்லுருளை வைத்திருப்பார்கள். போரடிக்கும் கல். உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லைச் செதுக்கி, நீளவாட்டில் ஏழு பல் வைத்து, இரு முனையிலும் இரும்புக் கம்பி அடித்து, மரச்சட்டத்தில் மாட்டிக் குதிரையால் இழுப்பார்கள். களத்தில் பரப்பிய கதிர்மேல் பல் விழுந்து விழுந்து மணி உதிரும். இந்தக் கற்களில் பல தேய்மானமே இல்லாமல் இருப்பதைக் கவனிக்கவேண்டும். வந்த புதிதில் ஊர் வழக்கப்படி செதுக்கிவிட்டார்கள். ஓரிரண்டு அறுவடைக்குள் அமெரிக்கக் கதிரடி எந்திரம் வாங்கியதும் கல் தோட்டத்து மூலைக்குப் போய்விட்டது. நியூட்டன் அருகே மெனோனைட்டுகளின் பெத்தேல் கல்லூரியில் விளையாட்டு அணிகளுக்கு இன்று 'கதிரடிப்போர்' என்று பெயர்.

கொண்டுவந்த எல்லாமே பலித்தனவா என்றால் அதுவும் இல்லை. முசுக்கொட்டை மரமும் பட்டுப்புழு வளர்க்கும் பழக்கமும் இவர்களோடு வந்தன. மாநில அரசே நம்பி 1887-இல் பீபடி ஊரில் பட்டு நிலையம் வைத்தது, பத்தாண்டில் மூடியது. முசுக்கொட்டை வேலிமரமாக நிலைத்தது. பட்டுக்கூட்டைப் பெட்டியில் கொண்டுவந்த சிறுமியைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

தாள் தடம் உறுதியாகப் பிடிபடுவது ஒரு ஆலைக்காரரிடம். பெர்னார்ட் வார்கென்டின், மோலோச்னாவின் அல்டோனாவ் ஊர், 1847-இல் பிறந்தவர். 1872-இல், இருபத்தைந்து வயதில், நண்பர்களோடு அமெரிக்காவைச் சுற்றிப்பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஊரிலிருந்த நண்பர் டேவிட் கெர்ட்ஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நியூட்டன் அருகே பெத்தேல் கல்லூரியின் மெனோனைட் காப்பகத்தில் இருக்கின்றன. சிலவற்றை 1950-இல் கார்னீலியஸ் க்ரான் பதிப்பித்தார். நிலம் என்ன விலை, மண் எப்படி, ரயில் எங்கே வரை வந்திருக்கிறது என்று ஒரு வியாபாரியின் கண்ணோடு எழுதிய கடிதங்கள். மோலோச்னாவில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டவை. பின்னால் குடியேறிகளுக்கு உதவ அமைத்த சங்கத்தின் முகவரும் அவரே. போலந்துப் பக்கத்து வொலினியாவிலிருந்து கையில் காசில்லாமல் வந்த மெனோனைட்டுகள் 1874-75 குளிர்காலத்தில் ஃப்ளோரன்ஸ் ஊரில் பட்டினியில் நடுங்கியபோது பணம் திரட்டியதும் அந்தச் சங்கம்தான்.

வார்கென்டின் ஹால்ஸ்டெட்டில் ஆலை வைத்தார், பிறகு நியூட்டனில் பெரிய ஆலை. இங்கேதான் விதையைவிட முக்கியமான ஒன்று தட்டுப்படுகிறது. கடினக் கோதுமையைப் பழைய எந்திரக் கல்லால் அரைக்க முடியாது. தவிடு பொடியாகி மாவு கறுத்துவிடும். ஆலைக்காரர்கள் அதை வாங்கவே முகம் சுளித்தார்கள், வாங்கினாலும் விலையைக் குறைத்தார்கள். ஹங்கேரியில் உருவான எஃகு உருளை ஆலை 1880-களில் கான்சஸ் வந்த பிறகுதான் டர்க்கி ரெட்டுக்கு மதிப்பு. யார் பெட்டியில் எது வந்திருந்தாலும், அரைக்க ஆலை இல்லாதவரை அது விற்காத சரக்கு. அதற்குப் பிறகு தேவை ஏறியது. 1900-ஐ ஒட்டி வார்கென்டின் வழியாகக் கிரிமியாவிலிருந்து புதிதாக விதை இறக்குமதி செய்தார்கள். டிரங்குப் பெட்டி விதையே மாநிலத்தை நிரப்பியிருந்தால் கால் நூற்றாண்டு கழித்துக் கப்பலில் ஏன் வரவழைக்கவேண்டும்?

அதே காலத்தில் வேளாண் துறையின் மார்க் கார்ல்டன் விதை தேடி ரஷ்யாவுக்கே போய்வந்தார். கான்சஸில் வளர்ந்தவர், மெனோனைட் வயல்களைக் கண்ணால் பார்த்தவர். வேளாண் துறையின் 1914 ஆண்டு மலரில் கடினக் கோதுமையின் வெற்றியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான், எனக்குப் பிடிபட்டவரை, மெனோனைட்டுகளுக்கு இந்தப் பெருமையை நாடறியக் கொடுத்த முக்கியமான அச்சுச் சாட்சி. வார்கென்டினின் பங்கையும் அதில் சொல்கிறார். வார்கென்டின் உயிரோடு இல்லை; 1908-இல் மத்தியதரைக் கடல் பக்கம் சுற்றுலா போன இடத்தில், தவறுதலாக வெடித்த துப்பாக்கிக்குப் பலியானார்.

1914 என்ற தேதியைக் கவனியுங்கள். மூன்றாண்டு கழித்து அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியது. அரசு கோதுமைக்குப் புஷலுக்கு 2 டாலர் 20 சென்ட் என்று விலை உறுதி கொடுத்து, விளைவித்துத் தள்ளு என்றது. விளைவித்தவர்களில் ஒரு கூட்டம் வீட்டில் ஜெர்மன் பேசியது, போருக்குப் பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்றது, போர்க்கடன் பத்திரம் வாங்கவும் தயங்கியது. 1918 நவம்பர் 11, போர் நின்ற நாளிலேயே, பர்ட்டன் ஊரில் ஒரு மெனோனைட் விவசாயியை இழுத்துவந்து உடம்பெல்லாம் மஞ்சள் சாயம் பூசியது ஒரு கும்பல். அதன்பின் பள்ளியிலும் தேவாலயத்திலும் ஜெர்மன் வேகமாகத் தேய்ந்தது. துப்பாக்கி தூக்காதவன் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தான் என்ற கேள்விக்குக் கையில் ஒரு பதில் வேண்டியிருந்தது. சிறுமியும் பெட்டியும் இந்தப் பருவத்தில்தான் முறுக்கேறியிருக்கவேண்டும் என்பது என் ஊகம். நியூட்டன் சிலை எழுந்த 1942-லும் மெனோனைட் இளைஞர்கள் படைக்குப் பதில் பொதுப்பணி முகாம்களில் மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரகம் இன்னும் தூரம் போனது. ஜப்பானில் டர்க்கி ரெட்டை உள்ளூர்க் கோதுமையோடு கலந்து 1935-இல் வெளியிட்ட குட்டை ரகம் நோரின் 10. அதன் விதையை 1946-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன சாமன் என்பவர், முன்பு கான்சஸ் வேளாண் கல்லூரியில் வேலை பார்த்தவர். அந்தக் குட்டைத்தன்மை நார்மன் போர்லாகின் மெக்சிகோ ரகங்களுக்குள் நுழைந்து, கும்பகோணத்துக்காரரான எம். எஸ். சுவாமிநாதன் முன்நிற்க, சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்த 1966-இல் 18,000 டன் விதையாக இந்தியாவில் இறங்கியது. அந்த 18,000 டன்னுக்குக் கோப்பு உண்டு, ரசீது உண்டு. கால் ஏக்கர் விதைக்கு இல்லை.

பெட்டி விதையை முழுப்பொய் என்று நான் ஒதுக்கவில்லை. க்னாடனாவில் சில குடும்பங்கள் கொஞ்சம் கிரிமியக் கோதுமை கொண்டுவந்திருக்கலாம். அதுவே இந்தச் சமூகத்தை வாழவைத்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அதற்கான சோதனை வடக்கே தயாராக இருக்கிறது. அதே ஆண்டில் தொடங்கி, அதே தென் ரஷ்யாவிலிருந்து, சில ஆண்டுகளில் ஏழாயிரம் பேர் போல கனடாவின் மனிடோபாவுக்குப் போனார்கள். அங்கே குளிர் கடுமை. குளிர்காலக் கோதுமை செத்துவிடும். அவர்களும் முதல் ஆண்டுகளில் வெட்டுக்கிளியிடம் அடிவாங்கினார்கள். ஒன்டாரியோ மெனோனைட்டுகள் பிணை நின்று, கனடா அரசிடம் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கிக் கொடுத்தார்கள், கடன் அடைபட்டது. அங்கே பரவிக்கொண்டிருந்த ரெட் ஃபைஃப் என்ற வசந்தக் கோதுமையின் காலத்தில் அவர்களும் கோதுமைக்காரர்களாகவே எழுந்தார்கள். மரமில்லாத புல்வெளியை உழத் தெரிந்த கை, ஊர்க்கடன், பக்கத்தில் ரயில்: இவை இரண்டு இடத்திலும் பொது. விதை பொது இல்லை.

இரண்டு கூட்டமும் பிரிந்தது வேறொரு விஷயத்தில். கான்சஸ்காரர்கள் சீக்கிரம் தனித்தனிப் பண்ணைக்கும் ஆங்கிலத்துக்கும் போனார்கள். 1887-இலேயே பெத்தேல் கல்லூரிக்குச் சாசனம் வாங்கினார்கள். மனிடோபாவில் தனி ஒதுக்கீட்டு நிலமும், சொந்தப் பள்ளியும் எழுத்தில் வாங்கியிருந்ததால் தெருக்கிராமம் பல காலம் நின்றது. 1916-இல் ஆங்கிலப் பள்ளி கட்டாயமானதும் கட்டுப்பாடான பிரிவினர் மறுபடி பெட்டி கட்டினார்கள். மெக்சிகோ அதிபர் அல்வாரோ ஒப்ரெகோன் 1921-இல் கொடுத்த உறுதிமொழிக் கடிதத்தை நம்பி, 1922 முதல் ஆயிரக்கணக்கானோர் சிவாவா மாநிலத்தின் மேட்டுநிலத்துக்கு ரயிலேறினார்கள். மனிடோபாவில் செய்ததுபோல் அங்கேயும் கோதுமையே போட்டார்கள். மழை ஒத்துவரவில்லை, சரியாக விளையவில்லை. ஓட்ஸுக்கும் மக்காச்சோளத்துக்கும் பீன்ஸுக்கும் மாறி, மாடு வளர்த்து, பாலைப் பாலாடைக்கட்டியாக்கி விற்றார்கள். மெக்சிகோ கடைகளில் கேசோ மெனோனிதா என்று கேட்டால் இன்றைக்கும் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.